யாருக்குச் சொல்கிறோம்?

(முதல் பயண நூல் எழுத முனையும் இளைஞர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பயணம் போய்வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். போய்வந்ததைப் புத்தகமாக்க ஆசைப்படுகிறவர்களும் ஏராளம். ஆனால் எழுதி முடிக்கிறவர்கள் மிகக் கொஞ்சம். பலர் கைப்பிரதியின் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஊர் திரும்பிய கையோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதே ஆள் கதை சொன்னபோது அக்கம்பக்கத்தார் எழுந்து போக மனமில்லாமல் கேட்டார்கள். அவரே தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததும், சொல்லும்போது இருந்த உயிர் எழுத்தில் வராமல் போகிறது. மொழியறிவு போதவில்லை, இலக்கணம் தெரியவில்லை, பெரிய எழுத்தாளர்களைப் படிக்கவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். எனக்குத் தெரிந்தவரை காரணம் அது இல்லை. திண்ணையில் எதிரே ஒருவர் இருந்தார். 'அப்புறம்?' என்று கேட்டார். புரியாத இடத்தில் புருவம் சுருக்கினார். சலிப்பு வந்தபோது வேறு பக்கம் பார்த்தார். தாளுக்கு எதிரே அப்படி யாரும் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: முதல் பயண நூலை எழுதுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய கலை முழுவதையும் ஒரு கேள்வியிலிருந்து கற்றுக்கொள்ளலாம். 'இதை நான் யாருக்குச் சொல்கிறேன்?' என்பதே அந்தக் கேள்வி. எதைக் குறித்துவைப்பது, எங்கே தொடங்குவது, எதை விடுவது, 'நான்' எவ்வளவு வரலாம், எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதற்குள்ளேயே விடை இருக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பயண எழுத்து ஆற்றுப்படை. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனிடம் வழி சொல்கிறான். முழுப் பாட்டும் அந்த ஒருவனை நோக்கித்தான். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக்கறி கிடைக்கும் என்று வருவது எதற்காக? கேட்பவனுக்கும் அவனோடு வரும் சுற்றத்துக்கும் பசி. இன்னொரு ஆற்றுப்படையான மலைபடுகடாம் அச்சமூட்டும் செய்திகளையும் சொல்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், பாம்பு உறையும் குழிகள் இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் பாய்ந்து வரும், வழுக்கும் இடங்கள் உண்டு, இரவில் நடக்க வேண்டாம் என்கிறது. கேட்பவன் அதே மலையில் நாளை ஏறப் போகிறவன். அவன் கால் எங்கே படும் என்று சொல்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அந்த வருணனைகள் இன்றும் கண்ணில் நிற்பதற்குக் காரணம் இந்த அக்கறைதான். அழகாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்திருந்தால் அவை இவ்வளவு துல்லியமாக வந்திருக்குமா என்பது ஐயமே.

நன்னூல் என்ற இலக்கண நூலின் ஆசிரியர், சிறப்புப் பாயிரம் என்னும் முன்னுரையில் ஒரு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளைப் பட்டியலிடுகிறார். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பயன் ஆகியவற்றோடு கேட்போர் யார் என்பதையும் அவர் சேர்த்திருக்கிறார். இன்று நாம் முன்னுரையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறோம்.

இனி ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். அவர் சென்னைக்காரர். பெயர் ஏனுகுல வீராசாமி. சென்னையில் அப்போது இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் எல்லாம் அறிந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, சொந்த முயற்சியால் மேலே வந்தவர். அவர் 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். குடும்பத்தார், வேலைக்காரர், பல்லக்குத் தூக்குவோர் எனப் பெருங்கூட்டம் உடன் சென்றது. திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகையும் காசியும் கண்டு, கயை, கல்கத்தா, பூரி வழியாகக் கிழக்குக் கரையோடு இறங்கி 1831 செப்டம்பர் 3 அன்று ஊர் திரும்பினார். ரயில் வராத காலம். பெரும்பாலும் நடையும் பல்லக்கும்தான்.

அவர் அதற்கு முன் பயண நூல் எழுதியவர் அல்லர். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளத் தெலுங்கில் அப்படிப்பட்ட உரைநடை நூலும் அவர்முன் இல்லை. அவருக்கு வாய்த்தது ஒரு நண்பர். கோமளேசுவரபுரம் சீனிவாசப் பிள்ளை என்பது அவர் பெயர். சென்னையின் பொதுவாழ்வில் மதிப்பு மிக்கவர். வழியில் காண்பதை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவர்தான். வீராசாமி எழுதினார், பிள்ளைக்கு அனுப்பினார். 1836-இல் வீராசாமி மறைந்தார். பிள்ளை அந்தக் குறிப்புகளைத் திரட்டி 1838-இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்று அச்சிட்டார். தெலுங்கு உரைநடையின் முன்னோடி நூல்களில் ஒன்றாக அதை இன்று போற்றுகிறார்கள்.

நூலின் தன்மையைப் பாருங்கள். எந்த ஊரில் தங்கினோம், அடுத்த ஊருக்குப் பாதை எப்படி, சேறா, கல்லா, மலையேற்றமா, நல்ல கிணறு உண்டா, சத்திரம் உண்டா, கடைத்தெருவில் என்ன கிடைக்கும், ஆற்றை எப்படிக் கடந்தோம், அந்த ஊரை யார் ஆள்கிறார்கள், மக்கள் என்ன வழக்கம் கொண்டவர்கள் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவும் சென்னையில் உட்கார்ந்திருக்கும் நண்பர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். நாளை காசிக்குப் புறப்படப்போகும் இன்னொருவர் கேட்கக்கூடிய கேள்விகள். நடையும் அப்படித்தான். ஏட்டு நடையில் எழுதாமல், சென்னையில் தாம் பேசிய தெலுங்கில், இந்துஸ்தானியும் தமிழும் கலந்த அன்றாடத் தெலுங்கில் எழுதினார். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் யாரும் இலக்கணப் புலமையைக் காட்டமாட்டார்கள் அல்லவா? அன்றைக்கு அது கடிதத்துக்குரிய மொழி. பிற்காலத்தார் அதையே உரைநடைக்குரிய மொழியாகக் கண்டார்கள்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவருக்குச் சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பழக்கம் இருக்கும். வீராசாமியின் எழுத்திலும் அந்தப் பழக்கத்தை உணர முடிகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நூல் எழுதுகிறவர் தம் தொழிலை மறந்துவிட்டு எழுத்தாளராக மாற வேண்டியதில்லை. செவிலியர் ஒருவர் ஊரைப் பார்க்கும் பார்வை வேறு. எலக்ட்ரீஷியன் பார்க்கும் பார்வை வேறு. விவசாயி ஒருவர் ரயில் ஜன்னல் வழியே பார்த்தால் மண்ணின் நிறம் முதலில் கண்ணில் படும். அதுதான் அவருடைய நூலின் பலம்.

இப்போது குறிப்பேட்டைப் பற்றிச் சொல்கிறேன். பயணத்தில் குறிப்பு எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எதைக் குறிப்பது என்று சொல்பவர் குறைவு. 'அருமையான காட்சி', 'மனம் நெகிழ்ந்தது' என்று எழுதிவைத்த குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. உணர்ச்சி நினைவில் தானாகத் தங்கிவிடும். தங்காமல் போவது விவரம்தான். டீயின் விலை, கடைப் பலகையில் எழுதியிருந்த வாசகம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன சொல் அவர் சொன்னபடியே, காற்றில் என்ன வாசனை, காலையில் முதலில் கேட்ட சத்தம், ஒரு மரத்துக்கு அந்த ஊர்க்காரர் வைத்திருக்கும் பெயர், இவற்றை எழுதிவையுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பது நல்லது. ஆனால் படம் எடுத்த கையோடு, படத்தில் வராதது எது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் கதையைக் கேட்கப்போகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பார்.

குறிப்பே இல்லாமல் போனால்? பலர் இந்த நிலையில் இருக்கிறீர்கள். பல வருடத்துக்கு முன் போன பயணம், கையில் ஒரு தாளும் இல்லை. மனம் தளர வேண்டாம். பேட்ரிக் லீ ஃபெர்மர் என்ற ஆங்கிலேயர் 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்துக் கரையிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கி நடக்கத் தொடங்கினார். மியூனிக் நகரத்தில் அவருடைய முதுகுப்பை குறிப்புகளோடு திருடுபோயிற்று. பிறகு எழுதிய ஒரு நாட்குறிப்பு ருமேனியாவில் தங்கிவிட, உலகப்போரும் அரசியல் மாற்றமும் குறுக்கே வந்து, 1965-இல்தான் அவர் கைக்குத் திரும்பியது. அந்த நடைப்பயணத்தின் முதல் பாகம் 1977-இலும் இரண்டாம் பாகம் 1986-இலும் வெளிவந்தன. அவர் 2011-இல் மறைந்த பின், 2013-இல் மூன்றாம் பாகம் வந்தது. முதல் பாகத்தை அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? போர்க்காலத்தில் கிரீட் தீவில் தம்மோடு இருந்த நண்பர் ஸான் ஃபீல்டிங்குக்கு எழுதும் கடிதமாகத் தொடங்கினார். நாற்பது ஆண்டுக்கும் மேல் மனத்தில் கிடந்ததைச் சொல்லத் தொடங்க அவருக்கும் ஒரு நண்பர் எதிரே வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். பயண நினைவுக் குறிப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வழியில் நடந்தவர் ஒருவர், இன்று எழுதுகிறவர் இன்னொருவர். நடந்தவருக்கு அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எழுதுகிறவருக்குத் தெரியும். லீ ஃபெர்மரின் பக்கங்களில் பதினெட்டு வயது இளைஞனின் வியப்பும் அறுபது வயது மனிதரின் படிப்பும் ஒன்றாக வருகின்றன. இந்த இருவரில் யார் எப்போது பேசுவது என்று தெரிந்துகொள்வதே இந்த வகை எழுத்தின் நுட்பமான வேலை. நடந்தவரை மட்டும் பேசவிட்டால் அது நாட்குறிப்பாக நின்றுவிடும். எழுதுகிறவர் மட்டும் பேசினால் அது கட்டுரை. கேட்பவர் வழியில் கூடவே நடக்க வேண்டிய இடத்தில் நடந்தவரைப் பேசவிடுங்கள். அவர் நின்று யோசிக்க வேண்டிய இடத்தில் எழுதுகிறவர் வரட்டும்.

மராத்தியில் 'மாஜா பிரவாஸ்' என்று ஒரு நூல் இருக்கிறது. எழுதியவர் விஷ்ணுபட் கோட்சே. கொங்கணத்தில் பேண் என்ற ஊருக்குப் பக்கத்தில் வர்சை கிராமத்துப் புரோகிதர். குடும்பத்தில் கடன். வடக்கே சிந்தியா அரச குடும்பத்துப் பாயிஜாபாய் பெரிய வேள்வி நடத்தப்போகிறார், நல்ல தட்சிணை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, 1857-இல் தம் சிற்றப்பாவோடு புறப்பட்டார். அவர்கள் மால்வாப் பக்கம் போய்ச் சேர்ந்த நேரம், சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. 1858-இல் ஆங்கிலப் படை ஜான்சியை முற்றுகையிட்டபோது அவர் கோட்டை நகருக்குள் இருந்தார். நகரம் வீழ்ந்த பின் நடந்த படுகொலையில் ஒளிந்திருந்து உயிர்பிழைத்தார். சம்பாதித்ததை வழியில் பறிகொடுத்தார். கடைசியில் பெற்றோருக்காகக் கங்கை நீரைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்.

இருபது ஆண்டுக்கும் மேல் கழித்துச் சிந்தாமண் விநாயக் வைத்யா என்ற அறிஞர் கேட்டுக்கொண்டதால்தான் அவர் எழுதினார். 1907-இல் வைத்யா அதைத் திருத்தி அச்சிட்டார். மூலக் கைப்பிரதியின்படியான பதிப்பு 1966-இல் தத்தோ வாமன் போத்தார் முயற்சியால் வந்தது. ஜான்சி ராணியைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. ஆனால் கூலிக்கு மந்திரம் சொல்லப்போன ஒருவர், பசியோடும் பயத்தோடும் அந்த நகரத்துத் தெருவில் நின்று பார்த்த பார்வை இந்த ஒரு நூலில்தான் இருக்கிறது. அவர் தளபதிகளின் திட்டம் அறிந்தவர்போல் பேசுவதில்லை. தமக்குத் தெரிந்ததை, தாம் நின்ற இடத்திலிருந்து சொல்கிறார். நம்மில் பலருக்கு இருக்கும் தயக்கத்துக்கு இது பதில். 'நான் யார் எழுத? எனக்கு என்ன தெரியும்?' என்று கேட்காதீர்கள். நீங்கள் நின்ற இடத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

அடுத்தது உண்மை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-இல் எதோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, சோரா என்ற சீடரோடு வடக்கே நடந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியதை 1694 வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். அவர் மறைந்த பின் 1702-இல் அது அச்சானது. ஜப்பானிய இலக்கியத்தின் மகுடங்களில் ஒன்று அந்தச் சிறு நூல். சோராவும் தம் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தார். அது 1943-இல்தான் வெளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்த்தபோது பாஷோ பலவற்றை மாற்றியிருப்பது தெரிந்தது. இச்சிபுரி என்ற இடத்து விடுதியில் இரண்டு கணிகையரும் தங்கியிருந்ததாகவும் அவர்கள் இசே திருத்தலத்துக்குப் போகும் வழித்துணை வேண்டியதாகவும் பாஷோ உருக்கமாக எழுதியிருக்கிறார். சோராவின் குறிப்பில் அப்படி ஒரு செய்தியே இல்லை.

பாஷோ செய்தது கவிதை மரபுக்கு உட்பட்டது. அவருடைய வாசகர்கள் அந்த மரபை அறிந்தவர்கள். இன்று நினைவுக் குறிப்பு என்று பெயரிட்டு எழுதுகிற நமக்கு அந்த உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பத்து நாளை ஒரு பத்தியில் கடந்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பக்கம் கொடுக்கலாம். நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. உங்களோடு பயணம் வந்தவர் எதிரே உட்கார்ந்து இதைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர் தலையசைக்கும் இடமெல்லாம் நிற்கட்டும்.

இரவல் வாங்குவதும் இதில் சேரும். மொராக்கோவின் இபின் பதூதா 1325-இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு உலகின் பெரும்பகுதியைச் சுற்றியவர். நம் மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அங்கும் வந்து தங்கினார். அவர் சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் என்ற அறிஞர் எழுதி 1355-இல் நூல் முடிந்தது. அதில் டமாஸ்கஸ் முதலிய இடங்களைப் பற்றிய வருணனைகள் அவருக்கு முன்பே பயணம் செய்த இபின் ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது குறையாகக் கருதப்படவில்லை. நம் காலத்தில் வாசகர் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் அந்தக் கோயிலின் வரலாறு வந்துவிடும். அதை உங்கள் நூலில் நான்கு பக்கம் நிரப்புவதால் யாருக்கு என்ன பயன்? கோபுரத்தின் உயரத்தை விட்டுவிடுங்கள். அதன் நிழலில் பூக்கட்டும் அம்மா உங்களிடம் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். ஆனால் படிக்காமல் போகாதீர்கள். படித்தால்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

'நான்' என்ற சொல்லைப் பற்றி நம்மவர் ஒருவரிடம் பாடம் கேட்கலாம். ஏ.கே. செட்டியார் கோட்டையூரில் பிறந்தவர். ஜப்பானில் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள்களைத் திரட்டி, 1940-இல் அந்தப் படத்தை வெளியிட்டார். பெருமை பேச இவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? ஆனால் அவருடைய பயண எழுத்தில் அவர் ஒதுங்கியே நிற்கிறார். சின்னச் சின்ன வாக்கியங்கள். சந்தித்த மனிதர்தான் முன்னால் தெரிவார். பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டித் 'தமிழ்நாடு' என்ற தொகுப்பாக்கியவரும் அவரே. தம் பயணத்தைவிடப் பயண எழுத்து என்ற துறையையே பெரிதாக நினைத்தவர் என்பதற்கு அந்தத் தொகுப்பு சான்று.

எல்லோரும் செட்டியாரைப் போல ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. கோட்சே தம் பயத்தை எழுதாமல் போயிருந்தால் அந்த நூலே இல்லை. கேட்பவருக்கு உதவும் அளவுக்கு 'நான்' வரட்டும். உங்கள் கால்வலி அந்தப் பாதையைப் பற்றி ஏதாவது சொல்கிறது என்றால் எழுதுங்கள். உங்களைப் பற்றி மட்டும் சொல்கிறது என்றால் விட்டுவிடுங்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியின் கரையோடு சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை எடுத்துப் படியுங்கள். பயணிகளின் பேச்சும் சாப்பாடும் அதில் வரும். ஆனால் எல்லாம் ஆற்றை நோக்கியே திரும்பும்.

இப்போது ஒரு பயிற்சியைச் செய்து பார்ப்போம். தனுஷ்கோடிக்குப் போய்வந்த ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'அதிகாலையில் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடியை அடைந்தோம். இருபுறமும் நீலக்கடல் கண்ணைக் கவர்ந்தது. 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்த்து மனம் கனத்தது.' இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் போகாதவர்கூட இதை எழுதிவிட முடியும். இதே இடத்தை மூன்று பேருக்குச் சொல்லிப் பார்ப்போம்.

முதலாமவர், அடுத்த மாதம் குழந்தைகளோடு அங்கே போகப்போகும் உங்கள் தங்கை. அவளுக்கு என்ன சொல்வீர்கள்? 'வெயில் ஏறுவதற்குள் போய்விடு. முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் நிழல் என்று ஒரு மரம் கிடையாது. ஒரு பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும், அதைப் பெண்கடல் என்கிறார்கள். மறுபக்கம் ஆண்கடல், அலை இழுக்கும், பிள்ளைகளை இறக்கிவிடாதே.' அக்கறையோடு சொன்னதால் இரண்டு கடல்களும் தனித்தனியே கண்முன் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

இரண்டாமவர், இனிமேல் அங்கே போகவே முடியாத உங்கள் பாட்டி. தண்ணீர்க் குடம் சுமந்தே வாழ்ந்தவர். அவரிடம் சொல்ல ஊற்றுதான் இருக்கிறது. 'கடலிலிருந்து கூப்பிடு தூரந்தான் பாட்டி. மணலைக் கையால் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஒரு அம்மா குழிக்குள் குந்தி உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினார். கலங்கினால் கையை நிறுத்திக்கொண்டு தெளியும்வரை காத்திருந்தார். குடம் நிறைய நெடுநேரம் ஆயிற்று. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடுமாம்.' பாட்டிக்குப் புரியும். பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொன்னது எல்லோருக்கும் புரியும்.

மூன்றாமவர், 1964-க்கு முன் அங்கே சிறுவனாக ஓடியாடி, புயலுக்குப் பின் வேறு ஊரில் வாழும் பெரியவர். அவரிடம் புயலின் கொடுமையை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. 'என்னென்ன மிச்சம் இருக்கிறது?' என்றுதான் அவர் கேட்பார். 'தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன ஐயா, கூரை இல்லை. பூச்சு உதிர்ந்து உள்ளே வைத்துக் கட்டிய பவளக்கல் தெரிகிறது. ஸ்டேஷனின் சுவர் கொஞ்சம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து போட் மெயில் வந்து நின்ற இடத்தில் மணல்தான். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறக் கூட்டம் நின்ற இடத்தில் இப்போது சோவி, சங்கு விற்கிறார்கள்.' மனம் கனத்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்பவர் மனம் கனத்துவிடும்.

ஒரு நூலுக்கு இவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஒருவரிடம் பேசினால் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எல்லோருக்கும் என்று பேசத் தொடங்கினால் ஒருவரும் தமக்கென்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கேட்பவர் யார் என்று முடிவானதும் மற்ற வேலைகள் எளிதாகும். தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எடுத்தது, பெட்டி கட்டியது, விமான நிலையத்தில் காத்திருந்தது என்று முதல் அத்தியாயம் முழுவதும் எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் தங்கை எதிரே இருந்தால் அதையா முதலில் சொல்வீர்கள்? அவள் கேட்க விரும்பும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பெட்டி கட்டியதில் சொல்லத்தக்க செய்தி இருந்தால் அது பிறகு தானாக வரும். நாள்வரிசைப்படி போவது பாதுகாப்பானது. முதல் நூலுக்கு அதுவே போதும். ஆனால் எல்லா நாளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்காதீர்கள். வழியில் சந்தித்தவர்களை எழுதும்போது அவர்களும் ஒருநாள் படிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். நம்பிக்கையோடு தங்கள் துயரத்தைச் சொன்னவர்களின் பெயரையும் ஊரையும் மறைத்து எழுதுவது நாம் அவர்களுக்குக் காட்டும் மரியாதை.

எழுதி முடித்ததும் கைப்பிரதியைக் கொஞ்சநாள் எடுத்து வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் நீங்கள் மனத்தில் வைத்து எழுதிய அந்த ஆளுக்கே படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் நீங்கள் விட்டுவிட்ட ஒரு விவரம். அவர் கண் வேறு பக்கம் போகும் இடம் ஒவ்வொன்றும் நீங்கள் வெட்ட வேண்டிய ஒரு பத்தி. எந்த எழுத்துப் பட்டறையும் இதைவிட நன்றாகச் சொல்லித்தராது. திருத்துகிறவர் கையில் கொடுக்கும்போது மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்சேயின் மூலப் பிரதி தப்பிப் பிழைத்திராவிட்டால் அவருடைய சொந்தக் குரல் எது, பதிப்பித்தவர் குரல் எது என்று இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

முடிவாக ஒன்று. தமிழில் பயண நூல்கள் நிறைய வருகின்றன. சுற்றுலா போனவர்களின் நூல்களே அவற்றில் பெரும்பாலும். ஆனால் தமிழர்களில் மிக அதிகமாகப் பயணம் செய்தவர்கள் இன்னும் எழுதவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு புறப்பட்டு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் துளை போடும் தொழிலாளி எழுதவில்லை. நாமக்கல் லாரியில் காஷ்மீர் வரை ஆப்பிள் ஏற்றப் போய்வரும் ஓட்டுநர் எழுதவில்லை. வளைகுடா நாட்டு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் எழுதவில்லை. தண்ணீர் கிடைக்கும் ஆழத்தை வைத்து ஒரு நாட்டின் வறட்சியை அறிந்தவர் அந்தத் தொழிலாளி. எந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை நாள் பனியில் நிற்க நேரும், எந்தக் கடையில் சூடான சோறு கிடைக்கும் என்று அறிந்தவர் அந்த ஓட்டுநர். மலைபடுகடாம் பாடியவருக்குத் தெரிந்திருந்த அளவுக்கு வழி அறிந்தவர்கள் இவர்கள்.

இவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: கேட்கிற ஆள். வீராசாமிக்கு ஒரு சீனிவாசப் பிள்ளை கிடைத்தார். கோட்சேக்கு ஒரு வைத்யா கிடைத்தார். இந்த அவையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது உங்கள் பயணத்தை எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். எஞ்சியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் போன வழியை முதல் ஊரிலிருந்து கேளுங்கள். எழுதச் சொல்லுங்கள், எழுத வராதென்றால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். அச்சாகும்வரை விடாதீர்கள். நல்ல பயண நூல் உருவாக எழுதத் தெரிந்தவர் எவ்வளவு முக்கியமோ, கேட்கத் தெரிந்தவரும் அவ்வளவு முக்கியம். அந்த இரண்டு வேலையில் ஒன்றை இந்த ஆண்டுக்குள் தொடங்குங்கள்.